மேட்டின் மேல்தான் சிக்னல்

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று இரண்டு வீட்டிலும் பெரிய மனசு பண்ணினார்கள். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக இருந்தது. எனக்கு மாப்பிள்ளையாக வரவிருந்தவன் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போன இடம் சத்தியவேட்டுப் பக்கத்து மேட்டுக் காடு. அப்போது ‘அவர்’ என்றுதான் சொல்வேன். இப்போது ‘அவன்’ என்பதே கொஞ்சம் அதிக மரியாதை.

எனக்கு அவனிடமிருந்து ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது. கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறேன். கான்ட்ராக்டில் சேர்ந்து, நாயாய்ப் பேயாய் உழைத்து, அப்போதுதான் பர்மனன்ட் ஆகியிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலைக்குப் போக விடுவார்களா, மாட்டார்களா? பெண் பார்க்க வந்த அன்று கேட்டதற்கு, “அத்த அப்பால பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு பஜ்ஜியைக் கடித்தான். இந்த ‘அப்பால’ எத்தனை பெண்களின் வேலையை விழுங்கியிருக்கிறது என்று எங்கள் கம்பெனி அசெம்பிளி லைனில் நிற்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அன்று அவன் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! மலையேறுகிறவர்கள் ஊன்றும் மடக்குக் கோல், அகலத் தொப்பி, முதுகில் ஒரு மூட்டை. இமயமலைக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தான். அங்கே இருப்பதோ செம்மண் மேடுகள். ஒன்றில் ஏறி இறங்கினால் இன்னொன்று, நடுவே களாச்செடியும் முள்ளும் மண்டிய பள்ளம். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி ரப்பர் செருப்போடு எங்களைத் தாண்டிப் போனாள். ஆளைப் பார்த்தால் அழகு, வேலையைப் பார்த்தால் இழவு என்பார்களே, அதுதான்.

முதல் மேட்டில் ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டே போனை எடுத்தான். செல்ஃபி எடுக்கப் போகிறான் என்று நான் துப்பட்டாவைச் சரிசெய்தேன்.

“நைனா, மேல ஏறிட்டோம். இங்கயே நாஷ்டா துன்னலாமா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவலாமா?”

அப்பாவைக் கேட்கிறான்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பதை நெருங்குகிறவன், ஒரு கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ், இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பாக்கத்து வீட்டிலிருந்து உத்தரவு வர வேண்டியிருந்தது.

அடுத்த மேட்டிலும் அதே கூத்து. வெயில் ஏறிடுச்சு நைனா, தொப்பி போட்டுக்கினுதான் இருக்கேன் நைனா. அப்பா மேல் பாசம் இருக்கட்டும், எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

“அடுத்தது வலது கால வைக்கிறதா, இடது கால வைக்கிறதானு கேட்டீங்களா?” என்றேன்.

கிண்டல் என்றே புரியாமல் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூட மதித்திருப்பேன்.

அதைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியதும் சிக்னல் செத்தது. ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்தோம். இதுதான் சமயம் என்று நேராகக் கேட்டேன்.

“கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போவலாமா? நீங்க இன்னா நினைக்கிறீங்க, அத்த சொல்லுங்க.”

போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

“இங்க டவர் இல்லியே” என்றான்.

“உங்க மனசுல இருக்கிறத சொல்றதுக்கு டவர் எதுக்கு?”

“செத்த இரு. மேல போய் நைனாவ கேட்டுகினு வந்துடறேன்.”

அடப்பாவி! போயே போய்விட்டான். நாங்கள் இறங்கி வந்த மேட்டிலேயே கோலை ஊன்றிக்கொண்டு திரும்ப ஏறினான். அன்று முழுக்க அவன் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்க்கவில்லை. எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு பயமாக இருந்தது. இவனோடு வாழ்ந்தால் நான் பேசுவதெல்லாம் இவனுக்குப் பின்னால் இருக்கிறவரிடம்தான் போய்ச் சேரும். எனக்கென்று ஒரு புருஷன் இருக்கவே மாட்டான்.

வியர்த்து வழிய இறங்கி வந்தான். முகமெல்லாம் பல்.

“நைனா சரின்ட்டாரு! தாராளமா வேலைக்குப் போவட்டும்னாரு.”

நான் கேட்ட பதில்தான். இதற்காகத்தான் அத்தனை ராத்திரி தூங்காமல் புரண்டேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

“நாளைக்கே அவரு வேணாம்னுட்டா?”

“அப்ப நின்னுடு. பெரியவங்க சொன்னா சரியாத்தான இருக்கும்.”

“நீங்க இன்னா சொல்வீங்க?”

“நானா?” நிஜமாகவே விழித்தான். “நான் இன்னா சொல்றது?”

“அப்ப வெள்ளிக்கிழமை பூ எடுத்துகினு வர வேணாம்னு அவர்கிட்டயே சொல்லிடுங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.”

ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கத்துவான், திட்டுவான், குறைந்தது முகமாவது சுளிப்பான் என்று நினைத்தேன். தன் வாயால் ஒரே ஒரு ‘ஏன்’ கேட்டிருந்தால் நான் மனசு மாறியிருந்தாலும் மாறியிருப்பேன்.

அவன் கோலை எடுத்துக்கொண்டு மறுபடியும் மேட்டில் ஏறினான்.