சிறுத்தை பார்க்க வந்தவர்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தைக்காக எங்கள் வேன் காத்து நிற்கிறது. என்னுடன் வந்திருக்கும் சென்னைக்காரர் தன் கேமராவுக்குத் தனி இருக்கை கொடுத்து, பெல்ட்டும் போட்டுவிட்டிருக்கிறார். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னலைத் தட்டுகிறாள்.

“எங்க லயத்து வீடு வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போறீங்களா? மேல சிறுத்தப்புலி நிக்குதுங்க. எங்க நாயைத் தூக்கிருச்சு.”

“அருமை! எந்தப் பக்கம்?” என்கிறார் அவர். இருக்கை மட்டும் காலியாகவில்லை.

கேமராவை நானே எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு அவளை ஏற்றுகிறேன். நல்ல படம் போய்விட்டதாம்; வழியெல்லாம் முணுமுணுக்கிறார்.

லயத்தில் இறங்கியவள் அவர் பக்கம் திரும்புகிறாள்.

“கவலைப்படாதீங்க ஐயா. நாளைக்கும் அந்த மலையிலதான் எங்களுக்கு வேலை. நீங்களும் எங்களோட நடந்தே வாங்க.”