மரத்தடியில் ஐந்து கற்கள்

கையுறை வேண்டுமா, மலைப்பனிக்குப் பேனா நல்லதா பென்சிலா என்று நேற்றுவரை இந்தக் குழுவில் உங்களைத் தொல்லை செய்த அதே புதியவள்தான். இன்று வேறு கேள்வி.

யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஃபோன் காட்டும் இடத்தில் தேடிப் பெயரெழுதிவிட்டு வருகிற விளையாட்டுதானே ஜியோகேச்சிங். தானா ராத்தா ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் தேடினேன். மரத்தடியில் ஐந்து கற்கள் கிடந்தன. நான்கைப் புரட்டியதும் டப்பா கிடைத்தது.

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பக்கமிருந்து, அறுபதை நெருங்கும் ஓர் அக்கா வந்தார்.

“ஏன் தங்கச்சி, அந்தக் கல்ல எதுக்குப் பொரட்டுன?”

விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“என் தம்பி அங்க படுத்திருக்கான்லா. எழுபத்தெட்டுல, ரெண்டு வயசுல, காய்ச்சல்ல போயிட்டான். அப்பா அடுக்குன கல்லு அது.”

கற்களின் பக்கம் குனிந்தேன். “தெரியாம செஞ்சிட்டேன்க்கா. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, அப்படியே வச்சிடறேன்.”

“பெரிய கல்லு தலமாட்டுல. மத்தது...”

அவருக்கும் சரியாக நினைவில்லை. மூன்று முறை மாற்றி வைத்தோம். ஒவ்வொரு முறையும் தள்ளி நின்று பார்த்து, “இப்படி இல்ல” என்றார்.

கடைசியில், “மழ வருது. நீ கெளம்பு” என்றார். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்தவர் வைத்த டப்பாவை எடுத்துவரக் கூடாது என்பது விதி. நான் எடுத்து வந்துவிட்டேன். வைத்தவர் இதைப் படித்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எப்படி நீக்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திரும்ப அங்கேயே வைக்கச் சொல்பவர்கள், நேரில் போய் அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.