வடிகட்டின வெண்ணெய்

என் அண்ணனைப் பத்தி நானே இப்படிப் பேசக் கூடாதுதான். கூடப் பிறந்தவ. ஆனா நான் பேசலேன்னா வேற யாரு பேசுவா? அண்ணி வாயைத் திறக்க மாட்டாங்க. அவன் திறந்தா மூட மாட்டான். அதனால நானே சொல்லிடறேன்.

அண்ணி ஒரு பேக்கரியில பேக்கிங் மேஜையில வேலை பார்க்கறாங்க. கேக்கை அட்டைப் பெட்டியில வைக்கணும், மேல எண்ணெய்த் தாளைப் போடணும், ரிப்பன் கட்டணும். கல்யாணமாகி வந்த புதுசுல சேர்ந்தது. இன்னைக்கும் அதே மேஜை, அதே ரிப்பன். மேஜைக்கு நேர் எதிர்ல ஒரு கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் அடுப்பு. அங்க கேக் மாஸ்டர் வேலை செய்யறதைக் கண்ணாடி வழியாவே பார்த்துப் பார்த்து அண்ணிக்குக் கை பழகிடுச்சு.

அந்தக் கடையில கஸ்டர்டுக்கு முட்டையோட மஞ்சக்கரு மட்டும்தான் வேணும். வெள்ளைக்கரு மிஞ்சிப் போகும். அதைக் கேட்டு வாங்கி, மூடி போட்ட ஜாடியில அண்ணி வீட்டுக்குக் கொண்டு வருவாங்க. அதுலதான் அந்தப் பாதாம் கேக். ஃபினான்சியேன்னு பிரெஞ்சுக்காரங்க வச்ச பேரு. விரல் நீளத்துக்கு, நீளச் சதுரமா, சின்னச் சின்னதா இருக்கும். பாதாம் பொடி, சர்க்கரைப் பொடி, கொஞ்சமா மைதா, நுரைக்க அடிக்காத வெள்ளைக்கரு, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வெண்ணெய்கிட்ட இருக்கு.

வெண்ணெயைச் சும்மா உருக்கி ஊத்தினா ஆகாது. முதல்ல சடசடன்னு பொரியும், நுரை கட்டும். அப்போ அண்ணி ரேடியோவை நிறுத்தச் சொல்லுவாங்க. முன்அறையில நான் தைச்சுக்கிட்டு இருப்பேன், என் மெஷினையும் நிறுத்தச் சொல்லுவாங்க. ஏன்னா அந்தச் சத்தம் அடங்கறதைக் காதால கேக்கணும். அடங்கின உடனே அடியில பழுப்பா ஒரு துகள் படியும், வறுத்த வாசனை ஒண்ணு வீடு பூரா வரும். அந்த நேரத்துல இறக்கணும். கொஞ்சம் விட்டா கருகிடும். இறக்கி, அந்தத் துகளையும் சேர்த்துச் சுரண்டி மாவுல ஊத்தணும். அந்தத் துகள்லதான் ருசியே இருக்கு.

என் அண்ணன் கரண்ட் ஆபீஸ்ல கிளார்க். அவனுக்கு ஃபினான்சியே வாயில நுழையாதாம். "என்ன, செங்கச் சூளை பத்த வச்சாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே சமையலறைக்கு வருவான். கிண்டல் முடியறதுக்குள்ள ஆறு செங்கல் உள்ள போயிருக்கும். இன்னொரு விஷயம். வெண்ணெய் உருக்கின பாத்திரத்தைக் கழுவப் போனா அது எப்பவும் பளிச்சுனு இருக்கும். நான் துடைச்சு வச்சேன்னு அண்ணி நினைச்சாங்க, அண்ணி துடைச்சாங்கன்னு நான் நினைச்சேன். ரெண்டு பேரும் இதைப் பெரிசா எடுத்துக்கல.

மாஸ்டருக்கு முட்டி தேஞ்சு போச்சு, நிக்க முடியல, வேலையை விடறேன்னுட்டார். அந்தச் சமயம் பார்த்து அண்ணி டிபன் டப்பாவுல கொண்டு போன கேக் ஒண்ணை முதலாளியம்மா எடுத்து வாயில போட்டுட்டாங்க. போட்டவங்க இன்னொண்ணு எடுத்தாங்க.

"இதை நீயா பண்ணினே?"

"ஆமாங்கம்மா. வீட்டுல."

"திங்கக்கிழமை காலையில ஒரு தட்டு கொண்டு வா. மாஸ்டரும் சாப்பிட்டுப் பார்க்கட்டும். இதே ருசி வந்தா அடுப்பு உன்னுது." சொன்னதோட விடல. கடை வெண்ணெயும் பாதாமும் அளந்து கொடுத்து அனுப்பினாங்க.

அன்னைக்கு அண்ணி வீட்டுக்கு வந்த முகத்தை நான் என்னன்னு சொல்ல! கண்ணாடி முன்னாடி போய் நின்னு, ஒரு வெள்ளைத் துண்டை மடிச்சுத் தலையில வச்சுக்கிட்டு, "மாஸ்டர் மாதிரி தொப்பி போட்டா எனக்கு நல்லா இருக்குமாம்மா?"ன்னு என்னைக் கேட்டாங்க. காதோரம் நரைச்சவங்க, சின்னப் பொண்ணு மாதிரி கேக்கறாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அண்ணன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அடுப்பு வேலைன்னா விடியறதுக்கு முன்னாடி கிளம்பணுமே. எனக்கு யாரு டீ போடுவா? டிபன் யாரு கட்டுவா?"

"உனக்குக் கை இல்லையா?"ன்னு நான் கேட்டேன்.

"சும்மா கேட்டேன்டி. எதுக்கெடுத்தாலும் பாய்வியே"ன்னு சிரிச்சான். அப்புறம் அந்த வாரம் பூரா அவனை மாதிரி நல்லவன் உலகத்துலயே கிடையாது. செங்கல்னு ஒரு தடவைகூட சொல்லல. பாதாமுக்குத் தோல் உரிச்சுக் கொடுத்தான். எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அண்ணி வெண்ணெய் உருக்கினாங்க. நான் மெஷினை நிறுத்திட்டு வாசனை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இவ்வளவு நல்லா அது என்னைக்குமே வந்ததில்லை. அண்ணியே "வந்துடுச்சும்மா!"ன்னு உள்ளேயிருந்து சத்தம் போட்டாங்க. வெண்ணெய் கொஞ்சம் ஆறணும். ஆறட்டும்னு வச்சுட்டு, மாடியில காயப்போட்ட துணியை எடுக்க ரெண்டு பேரும் போனோம். மழை வர்ற மாதிரி இருந்துச்சு.

திரும்பி வந்தா, சமையலறையில அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டு நிக்கறான். மேஜையில ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதுல வெண்ணெய் தெளிவா, ஒரு புள்ளி துகள் இல்லாம இருக்கு.

"அடியெல்லாம் தீஞ்சு போயிருந்துச்சு. நாளைக்கு முக்கியமான நாளாச்சே, இப்படியா கவனமில்லாம இருப்பே? நல்லவேளை, நான் பார்த்தேன். டீ வடிகட்டியில வடிச்சு வச்சிருக்கேன் பாரு"ங்கறான்.

அண்ணி அடுப்புகிட்ட போனாங்க. பாத்திரத்தைப் பார்த்தாங்க, கழுவியாச்சு. வடிகட்டியைப் பார்த்தாங்க, சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கவுத்தாச்சு. குடிச்ச டீ கப்பை நகர்த்தி வைக்காத மனுஷன்! சிங்குல தண்ணி போற ஓட்டை மேல இருக்கிற சல்லடையைத் தூக்கி விரலால தடவிப் பார்த்தாங்க அண்ணி. ஒரு துகள்கூட ஒட்டல.

செருப்புகூடப் போடாம நான் வேற வெண்ணெய் வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினேன். ஞாயித்துக்கிழமையில எவன் கடை திறந்து வச்சிருப்பான்? முக்குக் கடை ஒண்ணுதான் திறந்திருந்துச்சு, அங்க டப்பாவுல அடைச்ச வனஸ்பதிதான் இருந்துச்சு. அது உருகும், பழுப்பாகாது. வெறுங்கையோட வந்தேன்.

"என்னடா பண்ணி வச்சிருக்கே பாவி!"ன்னு அண்ணனைப் பிடிச்சுக் கத்தினேன்.

"எனக்கென்னடி தெரியும்? உதவி பண்ணலாம்னு பார்த்தேன். உதவி பண்ணினாலும் குத்தம், பண்ணாட்டியும் குத்தம்"னு ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டான்.

அண்ணிதான் என்னை அடக்கினாங்க. "விடும்மா. அவருக்கு எப்படித் தெரியும்? பாவம்." எங்க வீட்டுல எது கெட்டாலும் பாவம்ங்கற வார்த்தை அவனுக்குத்தான் போய்ச் சேரும்.

இருக்கிற வெண்ணெயை வச்சே கேக் பண்ணினாங்க. நிறம் வந்துச்சு, ஓரம் மொறுமொறுன்னு வந்துச்சு, பார்க்க ஒரு குறையும் இல்லை. காலையில துணைக்கு நானும் போனேன். முதலாளியம்மா ஒரு கடி கடிச்சாங்க, மிச்சத்தைத் தட்டு ஓரமா வச்சாங்க. அந்த ஓரமா வச்சதுலயே எனக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்குச் சாப்பிட்டது வேற மாதிரி இருந்துச்சே?"

மாஸ்டர் ஒண்ணைப் பிட்டு, உள்ள பார்த்தார். "வெண்ணெயை வடிகட்டிட்டியேம்மா. யாரு வடிகட்டச் சொன்னது உனக்கு?"

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே அண்ணி என் மணிக்கட்டைப் பிடிச்சு அழுத்தினாங்க. வளையல் உடைஞ்சுடும் போல அழுத்தினாங்க.

"நான்தான் சார் வடிகட்டினேன். கருகின மாதிரி தெரிஞ்சுது. தெரியாம பண்ணிட்டேன்."

"அடுப்புக்கு வர்றவங்க கருகினதுக்கும் சிவந்ததுக்கும் வித்தியாசம் தெரியாம இருக்கலாமா?"ன்னு கேட்டாங்க முதலாளியம்மா. குரலை உயர்த்தல, திட்டல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அண்ணி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. இந்த ஊர்ல அந்த வித்தியாசம் அவங்க அளவுக்குத் தெரிஞ்சவ ஒருத்தி உண்டா? வெளியில வந்ததும் சண்டை போட்டேன், ஏன் பொய் சொன்னீங்கன்னு. "வீட்டு விஷயத்தைப் போய்க் கடையில சொல்லுவாங்களா?"ன்னுட்டாங்க.

அடுப்பு வேலைக்கு வெளியிலேருந்து ஒரு ஆளை எடுத்தாங்க. கொடுமையைக் கேளுங்க. முதல்ல சாப்பிட்ட ருசியை முதலாளியம்மா மறக்கல. அண்ணிகிட்டயே அளவு கேட்டு, அந்த ஆளை விட்டுப் பண்ணச் சொன்னாங்க. அண்ணியும் சொல்லிக் கொடுத்துட்டாங்க, துகளோட ஊத்தணும்ங்கறது உட்பட. இப்போ கடையில நல்லா ஓடறது அந்தக் கேக்குதான். அதை அவர் சுடறார், அண்ணி அட்டைப் பெட்டியில அடுக்கி ரிப்பன் கட்டறாங்க.

வீட்டுல எல்லாம் பழையபடி ஆச்சு. டீ நேரத்துக்கு டீ, டிபன் நேரத்துக்கு டிபன். செங்கலும் திரும்பி வந்துடுச்சு.

நடந்ததையெல்லாம் நானே கிட்டத்தட்ட மறந்துட்டேன். அப்போ ஒரு நாள் அண்ணனோட ஆபீஸ் சிநேகிதர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். அண்ணி கேக் கொண்டு வந்து வச்சாங்க. அவர் சாப்பிட்டு, "அடேயப்பா! என்ன ருசிங்க இது"ன்னார். அவ்வளவுதான், என் அண்ணனுக்குத் தலைகால் புரியல.

"சும்மாவா! வெண்ணெய் உருக்கறப்போ அடியில ஒரு துகள் படியும் பாருங்க, ஜனங்க அதைத் தீஞ்சதுன்னு நினைச்சுக் கொட்டிடுவாங்க. அதுலதான் சார் உயிரே இருக்கு. எங்க வீட்டுல முதல் முதலா இதைப் பண்ணின நாள்லேருந்து எனக்கு இது தெரியும். இவ அந்தப் பக்கம் திரும்பினதும் நான் ஒரு துண்டு பிரெட்டை வச்சுப் பாத்திரத்தை வழிச்சுச் சாப்பிட்டுடுவேன். இத்தனை வருஷமா இவளுக்கே தெரியாது!"

சொல்லிட்டுப் பெரிசா சிரிச்சான். சிநேகிதரும் சிரிச்சார். அண்ணி தட்டோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் மெஷின்லேருந்து நிமிர்ந்து பார்த்தேன். அவங்க என்னைப் பார்த்தாங்க. பார்த்துட்டு, "இன்னும் ரெண்டு வைக்கட்டுமாங்க?"ன்னு சிநேகிதரைக் கேட்டாங்க. குரல்ல ஒரு மாத்தமும் இல்லை. அண்ணன் மட்டும் பாதியில சிரிப்பை நிறுத்திட்டான். தான் என்ன உளறினோம்னு அப்பதான் அவனுக்கு உறைச்சிருக்கு.

நான் அன்னைக்கு ராத்திரி வீடு ரெண்டாகப் போகுதுன்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் நடக்கல. அடுத்த தடவை கேக் பண்றப்போ அண்ணி டீ வடிகட்டியை எடுத்தாங்க. வெண்ணெயில கொஞ்சத்தைத் தனியா வடிச்சு, தனியா மாவு கலந்து, அச்சுல ஒரு வரிசை மட்டும் ஊத்தினாங்க. வெந்ததும் அந்த வரிசையை அண்ணன் தட்டுல வச்சாங்க. எனக்கு வச்சது மத்ததுலேருந்து.

அவன் ஒரு கடி கடிச்சான். "என்ன, ருசியே இல்லையே?"

"தீஞ்சதையெல்லாம் வடிகட்டிட்டேங்க. உங்களுக்குத்தான் அது பிடிக்காதே."

அவன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, அவன் அந்தக் கேக்கைத் தின்னு முடிக்கிற வரைக்கும். இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தனி வரிசைதான். வைக்கறதை ஒரு குறையும் சொல்லாமச் சாப்பிட்டுட்டுப் போறான்.