வாசிக்காமல் விட்ட பக்கம்

எங்கள் குடும்பத்தில் தட்டச்சு எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசித்த முதல் ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் என்னைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார். ஊரில் யாருக்காவது அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் எங்கள் படலையில் வந்து நிற்பார்கள். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தச் சொல்லிலும் தடக்குப்படாமல் கடைசி வரிக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பது மட்டுமே என் கவலை.

அம்மாவின் தங்கையான சின்னம்மா, சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடத்திலிருந்து எங்கள் வளவிலேயே ஒரு கொட்டில் போட்டுக் கைக்குழந்தையோடு இருந்தார். ஊருக்குப் பின்னால் அரசாங்கத்தின் சிறிய உப்பளம் ஒன்று இருந்தது. சின்னம்மாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் அங்கே உப்பு வாரினார்கள். அந்தக் கூலியில்தான் கொட்டிலில் அடுப்பு எரிந்தது. சனிக்கிழமைகளில் சின்னம்மாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை.

வாரிய உப்பை வீட்டுக் கூரை உயரத்துக்குக் கும்பியாகக் குவித்து, தென்னோலைக் கிடுகால் மூடி வைப்பார்கள். அந்த வருடம் நல்ல வெயில். நான்கு கும்பிகள் எழும்பியிருந்தன. எங்கள் கரையில் கருவாடு போடும் எல்லோரும் உப்பள வாசலுக்கே போய் அரசாங்க விலையில் உப்பு வாங்கி வருவார்கள். அப்பாவும் அப்படித்தான். இவ்வளவு உப்பு குவிந்திருக்கிறதே, வருகிற வருடம் விலை இன்னும் இறங்கும் என்று அவர் வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

புரட்டாதி முடியும்போது மூன்று நாட்கள் தொடர்ந்து லொறிகள் வந்தன. கொழும்புக்குப் போகிற உப்பு என்று உப்பளக் கிளாக்கர் சொன்னார். பெண்கள் சாக்குகளில் அள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது மூன்று கும்பிகள் இருந்த இடத்தில் வெள்ளை வட்டங்கள் மட்டுமே இருந்தன. பிறகு ஓர் இரவு மழை பெய்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. எங்கள் வளவில் இருந்த பள்ளம்கூட நிரம்பவில்லை. மிஞ்சியிருந்த கும்பியின் கிடுகு நனைந்தது, வெள்ளை வட்டங்கள் கழுவுண்டு போயின. அவ்வளவுதான்.

மழை பெய்த வாரத்துச் சனிக்கிழமை, பெண்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துக் கிளாக்கர் ஒரு கடிதத்தோடு வந்தார். அவருக்கு ஊரில் நல்ல பெயர். யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அடுத்த நாள் மறக்காமல் விசாரிப்பார். உப்பள மனேஜரை நாங்கள் அதிகம் கண்டதில்லை, அவருடைய ஜீப்பின் தூசியைத்தான் கண்டிருக்கிறோம். அதனால் எங்களுக்கு அரசாங்கம் என்றால் கிளாக்கரின் முகம்தான்.

மழை பெய்ததற்குச் சாட்சிக் கடிதம் ஒன்று மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், எல்லோரும் கைநாட்டு வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்றார். மற்றவர்கள் எழும்பப் பார்த்தார்கள். சின்னம்மா எழும்பவில்லை.

“வாசிக்காமல் நான் விரல் வைக்கமாட்டன்.”

“அதுக்கென்ன, நான் வாசிக்கிறன்.”

“நீங்கள் வாசிச்சால் நீங்கள் சொல்லுறதைத்தானே நாங்கள் கேக்கோணும். எங்கட பிள்ளை நிக்கிறாள். அவள் வாசிக்கட்டும்.”

கிளாக்கர் சிரித்தபடி கடிதத்தை என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தில் இன்ன இரவு மழை பெய்தது, காற்று அடித்தது, உப்பளத்தில் வேலை செய்யும் நாங்கள் அதை அறிவோம் என்று இருந்தது. எல்லாம் உண்மை. மணிமணியாக வாசித்தேன். பெண்கள் சோற்றில் கை வைத்தபடியே தலையாட்டினார்கள்.

தாளைத் திருப்பினேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. உரக்க வாசிக்குமுன் கண்ணால் ஒருதரம் மேலிருந்து கீழாக ஓடிப் பார்த்துவிடுவேன். நான்கு கும்பிகளும் அந்த மழையில் முற்றாகக் கரைந்து போனதை நேரில் கண்டோம் என்று அங்கே எழுதியிருந்தது. நிமிர்ந்தால் நான்காவது கும்பி என் கண் முன்னாலேயே நின்றது. எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் என்னை நிறுத்தியது அதுவல்ல. அதற்குக் கீழே ‘பதிவழித்தல்’ என்று ஒரு சொல் இருந்தது. நான் அதுவரை காணாத சொல். எங்கே பிரித்து, எங்கே அழுத்தி வாசிப்பது என்று தெரியவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் தடக்குப்படப் போகிறேனே என்று கழுத்தெல்லாம் வேர்த்தது. கணக்கிலிருந்து ஒன்றை இல்லாமல் ஆக்குவதற்குக் கந்தோர்களில் வழங்கும் சொல் அது என்று இப்போது தெரியும்.

என் கண் எங்கே நின்றது என்று கிளாக்கர் பார்த்திருக்க வேண்டும். “மற்றப் பக்கத்திலயும் இதுதான் பிள்ளை இருக்கு. காணும், நல்லா வாசிச்சிட்டாய். நீ டீச்சராத்தான் வருவாய்” என்று தாளை மெதுவாக வாங்கினார்.

சின்னம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “ஓமோ பிள்ளை? அதேதான் எழுதியிருக்கோ?”

“ஓம் சின்னம்மா, அதேதான்.”

சின்னம்மா கையைக் கழுவி, சீலையில் துடைத்துவிட்டு விரலை நீட்டினார். வருடக்கணக்காக உப்பு வாரிய விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. ஒவ்வொருவருடைய விரலையும் இரண்டு மூன்று முறை மையில் அழுத்தித்தான் கிளாக்கர் அடையாளம் எடுத்தார். அடுத்த வாரம் நான்காவது கும்பியும் லொறியில் போயிற்று.

உப்பு களவு போனதென்று யாரோ பெயர் போடாமல் மேலிடத்துக்கு மொட்டைப் பெட்டிசம் போட்டிருந்தார்கள். அடுத்த வருடம், உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமையில், கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். பெண்களை உப்பளக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். சின்னம்மாவின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். முதலில் சின்னம்மாவைத்தான் விசாரித்தார்கள். இருவரில் தமிழரான அதிகாரி கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை உரக்க வாசித்தார். பதிவழித்தல் என்ற சொல்லையும் அவர் சுலபமாக வாசித்துவிட்டார். சின்னம்மா அந்தப் பக்கத்தைக் கேட்டது அப்போதுதான்.

“ஏமாத்தி வாங்கினவையெண்டால் சொல்லுங்கோ அம்மா. உங்களில பிழை வராது. இதை ஆர் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினது?”

“ஒருத்தரும் வாசிக்கேல்லை ஐயா. நான் கேக்காமல்தான் விரல் வைச்சனான்.”

அதிகாரி இன்னொரு முறை கேட்டார். சின்னம்மா அதையே சொன்னார். மற்றப் பெண்களும் அவர் சொன்னதையே சொன்னார்கள். மூலையில் கதிரையில் இருந்த கிளாக்கர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொய்ச் சாட்சிக்குத் துணைபோனதாகப் பெண்கள் எல்லோரையும் வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். மனேஜருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது, அங்கே பெரிய பதவி என்று பேசிக்கொண்டார்கள். கிளாக்கர் பென்ஷனோடு வீட்டுக்குப் போனார். லொறியில் போன உப்பெல்லாம் மழையில் போனதாகவே கடுதாசியில் இருந்ததால், நட்டத்தில் ஓடுகிற இடம் இது என்று மேலிடம் முடிவுகட்டி இரண்டு வருடத்தில் உப்பளத்தை மூடிவிட்டது. பாத்திகளில் சேறு ஏறியது. அதன் பிறகு எங்கள் கரைக்கு உப்பு பட்டணத்து முதலாளி ஒருவரிடமிருந்து, அவர் சொன்ன விலைக்கு வந்தது. சூடை மீன் வலை கிழியும் அளவுக்குப் பட்ட நாட்களில், வாங்கவும் ஆளில்லாமல், கருவாடு போட உப்புக்கும் வழியில்லாமல், அப்பா மீனை மணலில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறார். சின்னம்மா பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு முசலிப் பக்கம் வயல் வேலைக்குப் போனார். மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பிள்ளை என் அம்மாவை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். சின்னம்மா உயிரோடு இருந்தவரை அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆனால் விசாரணை நடந்த அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கந்தோரை விட்டு வெளியே வந்த சின்னம்மா பிள்ளையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி அழுதாள். சின்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கடிதத்தை வாசித்தது நான்தான் என்பதையே அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு எவ்வளவு மறதி என்று ஆச்சரியமாகவும், புனித அந்தோனியார் என்னைக் காப்பாற்றினார் என்று நிம்மதியாகவும் இருந்தது. வீடு வரும்வரை அவர் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, துள்ளித் துள்ளி நடந்தேன்.