வெண்ணெய் திரளும்வரை விடமாட்டேன்

வலது தோளை உயர்த்த முடியவில்லை. இந்தப் பத்தியை இடக்கையால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம்? வெண்ணெய்!

போன வாரம் குடும்பமாக அயர்லாந்து போனோம். மகள் தர்ஷி கட்டப்போகும் கோனரின் ஊர். அவனுக்கும் எங்களைப்போல ஒஸ்லோவில் வேலை. அம்மா நோரா கிராமத்தில், மாடுகளோடு. வருங்காலச் சம்பந்தியை முதன்முதலாகப் பார்க்கிறோம் — பட்டுச் சேலை, கையில் பலகாரப் பெட்டி, நெஞ்சு முழுக்கப் பதற்றம். அந்த மனுசிக்கு எங்களைப் பிடிக்க வேண்டுமே!

கதவு திறந்தே கிடந்தது. குசினியில் நோரா ஒரு மரப்பீப்பாயின் முன்னால் நிற்கிறார். மூடித் துளையில் நீளத் தடி. உலக்கை மாதிரி மேலும் கீழும் குத்துகிறார். உள்ளே பாலாடை. கடையில் வெண்ணெய் கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் விருந்தென்றால் வீட்டில் கடைந்தால்தான் அவருக்குத் திருப்தியாம். எங்களைப் பார்க்க அன்று பின்னேரம் சொந்தக்காரர் எல்லோரும் வருகிறார்கள்.

"பாவம், வேலையா நிக்கிறா. வெளியில கொஞ்சம் நடந்திட்டு வருவம்," என்றார் என் கணவர். நல்ல மரியாதைதானே? நானும் திரும்பினேன்.

நோராவின் முகம் சட்டென்று மாறிவிட்டது.

"ஐயோ அம்மா, போகாதைங்கோ!" தர்ஷி ஓடிவந்தாள். "வெண்ணெய் கடையேக்க உள்ளுக்கு வந்த ஆள் தடியில ஒருக்கா எண்டாலும் கை வைக்கோணுமாம். சும்மா திரும்பிப் போனா வெண்ணெய் திரளாதாம். வந்தவை அதைக் கொண்டு போட்டினம் எண்டு நினைப்பினமாம்!"

கடவுளே... முதல் நாளே வெண்ணெய்க் கள்ளியா நான்?

பெட்டியை வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தடியைப் பிடித்தேன். குத்தினேன், குத்தினேன்... ம்ஹூம். நோரா போதும் என்று கை நீட்டினார். சம்பிரதாயத்துக்குத் தொட்டாலே போதுமாம். எனக்குப் போதுமா? திரளாவிட்டால் பழி யார் மேல்? என் பிள்ளையல்லவா இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறாள்!

"இஞ்சரும், தோள் போகப்போகுது. விடும்!" என்றார் கணவர்.

"திரளாமல் விடமாட்டன். நீங்கள் சும்மா இருங்கோ!"

ஒஸ்லோவில், ட்வெய்ட்டா முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி நிமிர்த்துகிற கை இது. ஒரு பீப்பாய்க்குத் தோற்குமா?

சளக் சளக் என்றிருந்த சத்தம் மெல்ல மெல்லக் கனத்தது. தொப்... தொப்... நோரா மூடியைத் திறந்தார். மஞ்சள் மஞ்சளாய்க் கட்டி! மோர்க் கையாலேயே என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணூறுக்குப் பயப்படாத ஊர் எது? ஆனால் பலகாரம் சுடும்போது நாங்கள் என்ன செய்வோம்? வேற்று ஆள் பார்த்தால் முறுக்கு எண்ணெய் குடிக்கும் என்று கதவைச் சாத்துவோம். அவர்களோ வந்தவர் கையில் வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள்!

நேற்று இங்கே ஒஸ்லோவில், புருசெத்தில் எங்கள் வீட்டில் கல்யாணப் பலகாரச் சூடு. எண்ணெய் காயும் நேரம் மணி அடித்தது. கோனர். கணவர் வழக்கம்போல் குசினிக் கதவைச் சாத்த எழும்பினார்.

"திறந்து விடுங்கோ!" என்றேன். என் தோள்தான் போய்விட்டதே. முறுக்கு உரலை மருமகன் கையில் வைத்தேன். "பிழியும் தம்பி!"

முறுக்கெல்லாம் கோணல்மாணல். ஆனால் ஒன்றுகூட எண்ணெய் குடிக்கவில்லை!