மிளகு பறிப்பதற்குள் ஒரு சூளை

மண்பாத்திரம் செய்கிறவர்களைப் பாடாய்ப் படுத்துவது மூன்று: தண்ணீர், நெருப்பு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வந்து நிற்கிறவர்கள். முதல் இரண்டையும் ஓரளவு சமாளித்துவிடலாம். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டவர்களுக்கும் ரோட்டோரம் இட்லிக்கடை வைத்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

முதல் சூளை

சேலத்தில் ஒரு பட்டறையில் மண்வேலை கற்றுக்கொண்டு, அங்கேயே கொஞ்ச காலம் அடுத்தவர் சொன்ன அளவில் அடுத்தவர் சொன்ன கிண்ணங்களைச் செய்துவிட்டு, போதும் என்று கொல்லிமலை ஏறி வந்தேன். குண்டூர் நாட்டில் பெரியசாமி மாமாவின் மிளகுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. மாமா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவரைக் கேட்டு என் மின்சாரச் சக்கரத்தை அங்கே இறக்கினேன். கொட்டகையை ஒட்டிய சார்ப்பில் செங்கல்லும் மண்ணும் வைத்து ஒரு சூளையும் கட்டிக்கொண்டேன்.

ஐப்பசி மழை விட்டதும் முதல் சூளை வைத்தேன். காய்ந்துவிட்டது என்று நான் நம்பிய சாமான்களுக்குள் ஈரம் மிச்சம் இருந்திருக்கிறது. சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாகி, உள்ளே ஒவ்வொன்றாகப் படபடவென்று வெடித்தது. தோட்டத்தில் இருந்த மாமா அரிவாளோடு வந்து, சத்தம் அடங்குகிற வரைக்கும் நின்று கேட்டார். பிறகு நிதானமாகத் தன் கணக்கைச் சொன்னார். தையில் மிளகு பறிப்பு. அதற்குள் ஒரு சூளையாவது முழுசாக இறங்கினால் கொட்டகை எனக்கு. இல்லாவிட்டால் மிளகுக்கு. நான் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கே போய்விட வேண்டியதுதான். சொல்லிவிட்டு ரெண்டு அடி நடந்தவர் திரும்பி,

"தீவாளி போன வாரமே முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன் கண்ணு" என்றார்.

பூ ஜாடி

அடுத்த சூளைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் வசந்தாக்கா வந்தார். பேப்பர் கப்பில் டீ ஊற்றி அவருக்கே சலித்துவிட்டதாம். மண் டம்ளர் வேண்டும் என்றார். சூடு தாங்கும்படி கொஞ்சம் கனமாகச் செய்து தருகிறேன் என்றேன். அக்கா பதறிவிட்டார். "மெல்லுசாக் குடு சாமி. கை சுடணும். சுட்டாத்தான் குடிச்சுப்போட்டுக் கெளம்புவாங்க. கனமாக் குடுத்தீன்னா இந்தக் குளிருக்கு டம்ளரைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுப் பொழுது முச்சூடும் என்ற பெஞ்சுலயே உக்காந்திருப்பாங்க."

சூளை நிறைய டம்ளர் என்று முடிவானது. போகும்போது அலமாரியில் இருந்த ஒரு ஜாடியைக் கையில் எடுத்து, அதன் ஒடுங்கிய கழுத்துக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். எண்ணெய் ஊற்றவா, ஊறுகாய்க்கா என்று கேட்டார். பூ வைக்க என்றேன். என் குரல் எப்போதும் கொஞ்சம் சன்னம். காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். விழுந்திருக்கிறது.

"பூவைக் கொண்டுபோய்ப் பானைல வெச்சுப்போட்டா, தலைல எதைக் கண்ணு வெக்கறது?"

காயாத மார்கழி

கொல்லிமலையில் மார்கழியில் டம்ளர் செய்வது சுலபம், காயவைப்பதுதான் வேலை. மேகம் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயில் எட்டிப் பார்த்தால் பலகை பலகையாக டம்ளர்களை ரோட்டோரம் கொண்டுபோய் வைப்பேன். வைத்து நிமிர்வதற்குள் எதிர்ச்சரிவு மறைந்துவிடும், அடுத்து பலாமரம், அடுத்து என் கை. மறுபடியும் உள்ளே தூக்குவேன். எங்கள் அப்புச்சி சொல்கிற கதைகளில் ராட்சசனின் உயிர் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கூண்டில் பத்திரமாக இருக்கும். என் உயிர் ரோட்டோரம் பலகையில் இருந்தது.

காலை பஸ் தினமும் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே போகும். ஒருநாள் டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். கண்டக்டர் படியில் நின்றபடி என்னையும் பலகையையும் பார்த்தார்.

"ஏனுங்க, பலகையோட ஏத்திவுடுங்க. நாமக்கல்லுல நல்லாக் காய வெச்சு சாயந்தரம் கொண்டாந்து எறக்கிடறோம், அரை டிக்கெட் போதும்."

கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஏற்றித்தான் விட்டிருப்பேன்.

நல்ல மனசு

பக்கத்துத் தோட்டத்தில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் செல்வண்ணன் மிக நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது.

ஒருநாள் அபூர்வமாக நல்ல வெயில். ரெண்டு பலகை டம்ளரை வெளியே வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லி, செம்மேடு வரைக்கும் போய்வந்தேன். திரும்பி வந்தால் பலகையில் டம்ளர் இல்லை. மழையில் நனைந்த சாணி வரட்டி போல ஏதோ வரிசையாக இருந்தது. பக்கத்தில் குடத்தோடு அண்ணன் நிற்கிறார், முகத்தில் கவலை. "எத்தனை நாளா ஒரு சொட்டுத் தண்ணி காட்டாம வெச்சிருக்கற கண்ணு? வெயில்ல வெடிச்சுப்போகுமேன்னு நல்லா நனையறாப்புல ஊத்துனேன். ஆனா என்னமோ சரியில்லையாட்ட இருக்குது."

சிமெண்டு தண்ணீரில் இறுகும், மண் நெருப்பில்தான் இறுகும் என்று எடுத்துச் சொன்னேன். தைக்குச் சில நாட்களே இருந்தன. அழுகை வருகிற மாதிரி இருந்ததால் குரல் வழக்கத்தைவிடச் சன்னமாகிவிட்டது. அண்ணன் குடத்தைக் கீழே வைத்தார். கரைந்த டம்ளர்களைப் பார்த்தார், தான் எழுப்பிய சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் இல்லாத நேரத்துல உதவி பண்றேன்னு என்ற செவுத்துக்கு நீ தீ வெச்சுப்போடாத கண்ணு."

கிழங்கு

கரைந்ததைப் பிசைந்து மறுபடியும் செய்து, உள்ளே அடுப்பு மூட்டிக் காயவைத்து, தை பிறந்த கையோடு ரெண்டாவது சூளையைப் பற்றவைத்தேன். விடியும்போது ஆரம்பித்தது. மிளகுக் கொடிக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களில் கழித்த கிளைகள்தான் விறகு. மத்தியானம் வரைக்கும் சூடு ஒழுங்காக ஏறியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு விறகு தள்ளினாலும் உள்ளே நிறம் சிவப்பைத் தாண்டவில்லை. இந்நேரம் ஆரஞ்சுக்கு வந்திருக்க வேண்டும்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அது தெரியாது. வசந்தாக்கா மரவள்ளிக் கிழங்கோடு வந்திருந்தார். இவ்வளவு தீ சும்மா எரியலாமா, அடுப்பு வாயில் ரெண்டு கிழங்கு போட்டால் என்ன என்று கேட்டார். வாயைத் திறந்தால் சூடு போய்விடும் என்றேன். "கிழங்கு சின்னதுதான்" என்றார். அப்போதுதான் செல்வண்ணன் சூளையைச் சுற்றி வந்து, பின்பக்கம் மேல்வளைவில் ஒரு விரிசலைக் காட்டினார். அனல் முழுக்க அந்த வழியாக நழுவிக்கொண்டிருந்தது. அவரே ஏணி போட்டு ஏறினார். மண்ணும் வைக்கோலும் பிசைந்து கொடுத்தேன். கரணையைக் கையில் எடுத்தவர் பூசாமல் என்னையே பார்த்தார்.

"இதுக்குத் தண்ணி தொட்டுக்கலாமா கூடாதா, முன்னாடியே சொல்லிப்போடு சாமி."

மாமாவின் தீர்ப்பு

விரிசல் அடைபட்டதும் சூடு ஏறி, இருட்டும்போது நிறம் ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. இனி சூளை ஆறும்வரை திறக்கக் கூடாது. மாமாவோ மிளகு பறித்து, மூட்டைகளைக் கொட்டகை வாசலிலேயே கொண்டுவந்து அடுக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த வாரம் முழுக்க மேகம். மிளகும் என் டம்ளர் மாதிரியே காயாமல் கிடந்தது. ஈரத்தில் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

கதவுச் செங்கல்லை எடுக்கும்போது மாமா பக்கத்தில் நின்றார். கீழ் வரிசையில் சிலது ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. மேலே இருந்தவை நிமிர்ந்து நின்றன, தேன் நிறத்தில். நான் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். நகத்தால் தட்டினார், கிணுங்கென்றது. தண்ணீர் ஊற்றி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒழுகவில்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

கொடுத்த கையை அப்படியே சூளையின் மேல் வைத்தார். எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். செங்கல்லில் இன்னும் இதமான சூடு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூட்டையை அவிழ்த்து, ஒரு முறம் மிளகை எடுத்துச் சூளையின் தலையில் பரப்பிவிட்டு, தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நானும் டம்ளர்களை வெளியே எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். பொழுது சாயும்போது வந்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"சக்கரம் இருக்கற எடத்துலயே இருக்கட்டும். அடுத்த சூளை எப்பக் கண்ணு, மேக்காட்டு மிளகு வெள்ளிக்கெழமை வருது?"

ஆகவே, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், குண்டூர் நாட்டில் மிளகு காயவைக்கிறேன், அந்தச் சூடு வீணாகாமல் இருக்க உள்ளே கொஞ்சம் டம்ளர் சுட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.