இரைச்சலில் கேட்கும் காது

ஒரு தடவை காய்ச்சலோடு மில்லுக்குப் போயிருந்தேன். லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்ற பயம். அன்று முழுக்க என் மெசினில் அறுந்த இழைகளுக்கும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் பக்கத்து மெசின் வெள்ளியங்கிரி. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவரை நானும் சந்தேகப்பட்டேன். முருகன் மன்னிக்கட்டும்.

மலையில் பைகாரா ஆற்றுத் தண்ணீரில் எடுத்த கரண்டு வந்து கோயமுத்தூரில் புது மில்கள் எழும்பிய காலம் அது. நூற்கிற கூடத்து இரைச்சலில் எங்களுக்கே காது அடைக்கும். அங்கே யார் என்ன சொன்னாலும் வெள்ளியங்கிரி சட்டென்று பதில் சொல்வார். வெளியே வந்துவிட்டால், முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

"வேசம் போடறான்யா," என்றார் மேஸ்திரி கோவிந்தராஜுலு. "அத்தனை சத்தத்துல கேக்கற காது வெளிய கேக்காதா? எனக்கு மரியாதை குடுக்க அவனுக்கு மனசில்ல. இந்த மாசத்தோட ஆளை அனுப்பிச்சுப்போடறேன்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒருநாள் வாசலில் அவர் பின்னால் நின்று, "அண்ணா, வேட்டியில தேளுங்க," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எத்தனை நெஞ்சழுத்தம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு பகலில், நான் அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போயிற்று. மெசின்கள் ஓய்ந்தன. என் குரல் மட்டும் கூடம் முழுக்க முழங்கியது.

"ஏனப்பா, சண்டைக்கா நிக்கறே?" என்று எல்லாரும் சிரித்தார்கள். வெட்கப்பட்டுக் குரலைத் தணித்துப் பேச்சைத் தொடர்ந்தேன். வெள்ளியங்கிரி என் வாயையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, பாதியில நிறுத்திப்போட்டீங்க?"

நான் நிறுத்தவே இல்லை. அப்போதுதான் புரிந்தது. இரைச்சலுக்குள் நாங்கள் எல்லாரும் அறியாமலே கத்துகிறோம். அந்தக் கத்தல்தான் அவர் காதுக்கு எட்டுகிறது. எங்கள் காதை அடைக்கிற இரைச்சலோ அவருக்குப் பாதிதான் விழுகிறது.

வேலையைக் காப்பாற்றிவிடலாமென்று மேஸ்திரியிடம் ஓடினேன். "வேசமில்லீங்க. அவருக்கு நெசமாவே காது மந்தமுங்க."

"அப்படின்னா மெசின்ல எப்பிடி உடறது? பெல்ட்டு அறுந்தா, வெலகுன்னு சொன்னாக் கேக்குமா?"

"உள்ள நல்லாக் கேக்குமுங்க. வெளியதானுங்க..."

மேஸ்திரி கண்ணை இடுக்கினார். "மந்தங்கறே, கேக்கும்ங்கறே. நீயும் அவனும் கூட்டா?"

எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன். வெள்ளியங்கிரியைச் சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள்.

சொந்த ஊரான வெள்ளகோவிலுக்குப் போகிற பஸ்ஸில் அவரை ஏற்றிவிடப் போனேன். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. "என்னாலதானுங்கண்ணா!" என்று கத்தினேன்.

"கேக்குதுங் தம்பி, நல்லாக் கேக்குது," என்றார். "ஊர்ல எங்கூட இப்பிடி ஆருங்க கத்துவாங்க?"